வலியின் நடுவே நன்றி: கொல்லிமலை தரும் பாடம்



நோயாளியைக் காண வருவோர் பலர், விடைபெறும்போது “எல்லாவற்றுக்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள்” என்று கூறிச் செல்வர். அன்பினால் சொல்லப்படும் சொல்தான் அது. எனினும் இரவெல்லாம் மூச்சுத் திணறியவருக்கும், மகனின் படுக்கை அருகே மூன்றாம் வாரமாகத் தரையில் படுத்துறங்கும் தாய்க்கும் அச்சொல் சுமையாகிவிடுவதுண்டு. “இதற்குமா நன்றி சொல்ல வேண்டும்? சொல்ல இயலாததால் என் விசுவாசம் குறைந்துவிட்டதா?” என்ற கேள்வி உள்ளத்தில் எழுகிறது. அதை வாய்விட்டுக் கேட்போர் சிலரே.

மருத்துவர் என்ற முறையில் இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. காலையில் நோயாளியிடம் நலம் கேட்டால், “கர்த்தருடைய கிருபையால் நலமாயிருக்கிறேன்” என்கிறார். அறைக்கு வெளியே வந்தவுடன் அவருடைய மனைவி, “ஐயா, இரவு முழுவதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், உங்களிடம் சொல்லக்கூடாது என்றார்” என்கிறார். வலியைச் சொல்வது முறுமுறுப்பு என்றும், மறைப்பதே நன்றியுள்ள உள்ளத்துக்கு அடையாளம் என்றும் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணத்தால் சிகிச்சை தாமதமாகிறது; சில வேளைகளில் உயிருக்கும் ஆபத்து நேர்கிறது. ஆகவே நன்றி என்பது எது, எது நன்றி அன்று என்பதை இவ்விதழில் சற்று நிதானமாக ஆராய்வோம்.

வேதம் கற்பிப்பது என்ன?

பவுல் அப்போஸ்தலர் தெசலோனிக்கே சபையாருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரம் 18ஆம் வசனம் நாம் அனைவரும் அறிந்தது. அதில் வரும் ‘எல்லாவற்றிலேயும்’ என்ற சொல்லின் வேற்றுமை உருபைக் கவனியுங்கள். ‘இல்’ என்பது இடத்தைக் குறிப்பது. எந்தச் சூழ்நிலைக்குள் நாம் நின்றாலும் அங்கிருந்து நன்றி செலுத்தலாம் என்பதே அதன் பொருள். நோயே நல்லது என்று அவர் கூறவில்லை.

எபேசியர் 5:20இல் ‘எல்லாவற்றிற்காகவும்’ என்று உள்ளதே எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதே அப்போஸ்தலர்தாம் மரணத்தைப் பகைவன் என்று அழைத்தார். தம் சரீரத்தில் தைத்த முள் நீங்க வேண்டுமென்று மூன்று முறை மன்றாடியதையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். நோய் நீங்கும்படி வேண்டுவதும் நன்றி செலுத்துவதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை என்று அவர் கருதவில்லை.

ஆண்டவராகிய இயேசுவின் கடைசி இரவைப் பாருங்கள். பந்தியில் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினார். அன்றிரவே கெத்செமனே தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்க வேண்டும் என்று வேண்டினார். நன்றியும் துயரமும் ஒரே இரவில், ஒரே உள்ளத்திலிருந்து புறப்பட்டன. லாசருவின் கல்லறையண்டையிலும் அவர் முதலில் கண்ணீர் விட்டார். பின்னரே பிதாவுக்கு நன்றி கூறினார்.

பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் சீலாவும் நள்ளிரவில் பாடிய செய்தியை அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்கள் பாடினார்கள் என்பதை நினைவில் வைக்கும் நாம், சில வசனங்கள் கழித்து வருவதை மறந்துவிடுகிறோம்: சிறைக்காவலன் அந்த இராத்திரியிலேயே அவர்களுடைய காயங்களைக் கழுவினான். துதி பாடியவர்களுக்கும் காயங்கள் இருந்தன. அவற்றைக் கழுவ வந்தவனை அவர்கள் தடுக்கவில்லை.

கொல்லிமலையில் ஒரு குடும்பம்

இப்பாடத்தை வாழ்ந்து காட்டியவர்களைத் தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. வளப்பூர் நாட்டைப் போலவே இக்கொல்லிமலையின் பகுதியாகிய வாழவந்தியில், நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் வாழ்ந்தனர். 1913இல் மணம் புரிந்த அவர்கள், சாலையும் மருத்துவமனையும் இல்லாத இம்மலையைத் தங்கள் இருப்பிடமாகத் தெரிந்துகொண்டனர். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சி அயலார் இங்கே இரவு தங்கத் தயங்கிய காலம் அது. கட்டடத் தொழில் அறிந்த ஜெஸ்ஸி, மலைமேல் தாமே மரவீடு அமைத்தார், பள்ளிகள் நடத்தினார், தச்சு வேலை கற்பித்தார், தாம் பெற்றிருந்த சிறிதளவு மருத்துவப் பயிற்சியைக் கொண்டு காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், புண்களுக்குக் கட்டுப்போட்டார்.

1929ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். மலேரியாவின் கடுமையான விளைவுகளுள் ஒன்று அது. இரத்தச் சிவப்பணுக்கள் பெருமளவில் சிதைந்து, சிறுநீர் கறுத்து, சிறுநீரகங்கள் செயலிழக்கும். அப்போது அவருக்கு வயது 44.

அவருடைய மகன் பால், 1923 முதல் இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். 15 வயது நிறைவடையாத அச்சிறுவனுக்குத் தந்தி மூலம் தந்தையின் மரணச் செய்தி கிடைத்தது. ஆனால் கடிதங்கள் கப்பலில் சென்ற காலம் அது. ஆகவே தந்தி வந்து பல நாள்கள் கழித்தும், தந்தை உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவற்றுள் கடைசிக் கடிதத்தில், மலைப்பாதைகளில் தனியே செல்லும்போது தாம் கண்டு மகிழும் மரங்களையும் மண்ணையும் பாறைகளையும் தந்தை விவரித்திருந்தார். இத்தகைய உலகில் நம்மை வைத்த இறைவனை நன்றியோடு நோக்கும்படி மகனுக்கு அறிவுரை கூறியிருந்தார்.

அக்கடிதம் அச்சிறுவனின் துயரத்தை நீக்கியிருக்கும் என்று நான் எண்ணவில்லை. எழுதியவரின் கையெழுத்தே துயரத்தைக் கூட்டியிருக்கலாம். ஆயினும் பல்லாண்டுகளுக்குப் பின்னும் அவர் அதைப் போற்றி நினைவுகூர்ந்தார். தந்தை நன்றி செலுத்தியது வசதியான வாழ்வுக்காக அன்று என்பதை அவர் அறிந்திருந்தார். தந்தை போற்றிய அதே மலைதான் அவருடைய உயிரைக் கொண்ட காய்ச்சலையும் தந்தது. மலையின் அழகும் உண்மை, மலையின் நோயும் உண்மை. தந்தை காய்ச்சலுக்கு மருந்து தேடினார். அழகுக்கு நன்றி சொன்னார்.

கணவரை இழந்த எவ்லின் அம்மையார் சிறிது காலத்துக்குப் பின் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். ஓய்வு பெறும் வயது வந்தபின்னும் தாயகத்தில் தங்காமல் தம் சொந்தப் பொறுப்பில் கொல்லிமலைக்கு ஏறினார். எலும்பு முறிவுகளால் நடை தளர்ந்த பின்னர் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். குதிரைமீது அமர்ந்து ஊர் ஊராகச் சென்றார். 1974 டிசம்பரில், தம் 95ஆம் வயதில் காலமானார். வாழவந்தியில் கணவரின் கல்லறை அருகே அவரை அடக்கம் செய்தனர். அவர் இழந்தவை பல. இழப்புகளை இல்லையென்று மறைத்து அவர் வாழவில்லை. எஞ்சியிருந்த வலிமையை எண்ணிப் பார்த்து, அதைப் பயன்படுத்தினார்.

வலியைக் குறித்து மகன் கற்றது

அந்தச் சிறுவனே பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கை அறுவை மருத்துவரான டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மடங்கிப்போன கைகளைக் காட்டினார். அக்கைகளில் வலிமையுள்ள தசைகள் இன்னும் எஞ்சியிருப்பதை அவர் கண்டார். தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையின் மூலம் மடங்கிய விரல்களை மீண்டும் விரியச் செய்தார்.

அவருடைய மற்றொரு கண்டுபிடிப்பு நம் அனைவருக்கும் உரியது. தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்றே அன்று உலகம் நம்பியது. அவரும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் அன்றாட வாழ்வை உற்றுநோக்கி வேறொன்றைக் கண்டறிந்தனர். நோய் நரம்புகளைத் தாக்குவதால் வலியுணர்வு மறைகிறது. வலி இல்லாததால் சூடான பாத்திரத்தைப் பிடித்த கை விடுவதில்லை. ஆணி ஏறிய கால் நிற்பதில்லை. இரவில் உறங்குவோரின் விரல்களை எலிகள் கடித்தும் அவர்கள் விழிக்கவில்லை. இதனை அறிந்தபின் வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன! ஊனத்துக்குக் காரணம் வலி அன்று, வலியின் இன்மையே என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

ஒருமுறை இலண்டனில், நெடும் பயணத்துக்குப் பின் காலணியைக் கழற்றிய டாக்டர் பிராண்ட், தம் குதிகாலில் உணர்வில்லாததைக் கண்டார். ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தொழுநோய் தம்மையும் பற்றிவிட்டது என்று எண்ணி இரவெல்லாம் உறங்காதிருந்தார். காலையில் மீண்டும் குத்தியபோது சுரீரென்று வலித்தது. வண்டியில் நெடுநேரம் அமர்ந்திருந்ததால் நரம்பு அழுந்தி, தற்காலிகமாக மரத்துப்போயிருந்தது. அந்த வலிக்காக அவர் இறைவனுக்கு நன்றி செலுத்தினார். வலி என்பது யாரும் விரும்பாத கொடை என்று அவர் வாழ்நாள் முழுவதும் கற்பித்தார். 2003இல் அவர் மறைந்தார்.

இதனைத் தவறாகப் பொருள் கொள்ளலாகாது. வலியைப் பொறுத்துக்கொண்டு பேசாதிருங்கள் என்று அவர் கற்பிக்கவில்லை. வலி ஒரு தூதன். அதன் செய்தியைக் கேட்டு, உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்பதே அவருடைய போதனையின் சாரம். தூதன் செய்தியைத் தந்த பின்னரும் ஓயாமல் கூச்சலிட்டால், அவனை அமைதிப்படுத்த மருத்துவம் உண்டு. புற்றுநோய் வலிக்கும் அறுவை சிகிச்சைக்குப் பின்வரும் வலிக்கும் மருந்து கேட்பது விசுவாசக் குறைவு அன்று. அம்மருந்தும் நன்றி செலுத்தத்தக்க கொடையே.

நம்மிடையே நீரிழிவு நோயாளிகள் பலருக்கு, நரம்புப் பாதிப்பினால் பாதங்கள் மரத்துப்போகின்றன. தொழுநோயாளிகளின் பாதங்களைக் காக்க டாக்டர் பிராண்ட் கற்றவை இன்று நீரிழிவுப் பாத சிகிச்சைக்கும் வழிகாட்டுகின்றன. நீரிழிவு உள்ளவர்கள் ஒவ்வோர் இரவும் உறங்குமுன் இரு பாதங்களையும், விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலுடன் வயலுக்கும் தோட்டத்துக்கும் செல்லாதீர்கள். சிறு புண், கொப்புளம், நிறமாற்றம் எதைக் கண்டாலும், வலி இல்லை என்று காத்திராமல் மறுநாளே வந்து காட்டுங்கள். இத்தனை ஆண்டுகள் நம்மைச் சுமந்த பாதங்களுக்கு நன்றி செலுத்தும் முறை இதுவே.

நன்றியால் ஆவதும் ஆகாததும்

நன்றியுணர்வு உடல்நலத்துக்கு உதவுமா என்று அறிவியலாரும் ஆராய்ந்துள்ளனர். 2003இல் இராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதியில், நரம்பு-தசை நோயுடையோர் 21 நாள்கள், நன்றிக்குரியவற்றை நாள்தோறும் எழுதிவந்தனர். அவ்வாறு எழுதாதவர்களைவிட அவர்கள் மகிழ்ச்சியாகவும், வருங்காலத்தைக் குறித்து நம்பிக்கையாகவும் இருந்தனர். நன்கு உறங்கியதாகவும் தெரிவித்தனர். அவர்களுடைய நோய் குணமாகியது என்று ஆய்வாளர்கள் கூறவில்லை. நாமும் அவ்வாறு கூறலாகாது. நன்றி மருந்துக்கு மாற்று அன்று. நோயோடு வாழும் நாள்களை வாழத்தக்கனவாக ஆக்க அது உதவுகிறது. அதுவே சிறிய நன்மை அன்று.

மற்றொன்றையும் கூற வேண்டும். சிலர் நன்றி செலுத்த முயன்றும் இயலாதிருக்கின்றனர். இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் இருண்டிருத்தல், எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை காணப்பட்டால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அது பாவமும் அன்று, விசுவாசக் குறைவும் அன்று. இரத்த அழுத்தத்தைப் போலவே அதற்கும் சிகிச்சை உண்டு. தயங்காமல் எங்களிடம் கூறுங்கள். இந்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணாகிய 14416இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

பழகும் முறை

முதலாவது, வலியைச் சொல்லிய பின் நன்றி சொல்லுங்கள். செபத்திலும் இவ்வொழுங்கைக் கைக்கொள்ளலாம். சங்கீதங்கள் பலவும் முறையீட்டில் தொடங்கித் துதியில் முடிகின்றன. மருத்துவரிடமும் வலி எங்கே, எப்போது, எவ்வளவு என்று மறைக்காமல் கூறுங்கள்.

இரண்டாவது, பொதுவாக அன்றிக் குறிப்பாக நன்றி சொல்லுங்கள். “எல்லாவற்றுக்கும் நன்றி” என்பது எளிதில் வெறுஞ்சொல்லாகிவிடும். “இன்று காலை இரண்டு இட்லி உண்ண முடிந்தது, செவிலியர் ஒரே முறையில் ஊசி ஏற்றினார், மலைமேல் மழை பெய்து மிளகுக் கொடிகள் தளிர்த்தன என்று மகன் தொலைபேசியில் கூறினான்” என்று மூன்றைக் கூறினால் போதும். எழுத இயலாதவர் உடனிருப்பவரிடம் சொல்லலாம்.

மூன்றாவது, இல்லாமற்போன தீமைகளுக்காகவும் நன்றி செலுத்தலாம். ஜெஸ்ஸி பிராண்டின் நாள்களில் இம்மலையில் நரம்புச் சிலந்தி நோய் பரவியிருந்தது. மாசுபட்ட நீரைக் குடித்தவரின் உடலுக்குள் வளரும் நீண்ட புழு, பல மாதங்களுக்குப் பின் காலைத் துளைத்து வெளிவரும். நீரை வடிகட்டவும் குடிநீரைக் காக்கவும் மக்கள் கற்றதால், 2000ஆம் ஆண்டில் இந்தியா அந்நோய் அற்ற நாடு என உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அதன் பெயரும் தெரியாது.

நான்காவது, மனிதருக்கும் நன்றி கூறுங்கள். ஆண்டவருக்கு நாள்தோறும் ஸ்தோத்திரம் செலுத்தும் நாம், இரவில் மூன்று முறை எழுந்து கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும் மருமகளிடம் ஒரு சொல் சொல்வதில்லை. “நீ இல்லாவிட்டால் எனக்கு மிகவும் கடினம், அம்மா” என்று சொல்லிப் பாருங்கள்.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: நோயாளியை நன்றி சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். முதலில் அவர் கூறுவதைக் கேளுங்கள். நன்றிக்குரிய ஒன்றை நீங்கள் கண்டால் உங்கள் வாயால் கூறுங்கள். உங்கள் களைப்பையும் மறைக்காதீர்கள். வாரத்தில் ஓர் இரவேனும் வேறொருவரை வரச்செய்து உறங்குங்கள். மருமகளோ மகளோ தனியொருத்தியாகச் சுமப்பதைக் கண்ட உறவினர்கள், வாழ்த்துரைக்கு மாற்றாக அந்த ஓர் இரவை அளிக்கலாம்.

வேறு சமயத்தைச் சேர்ந்த வாசகர்களும் இவற்றைத் தத்தம் வழிபாட்டு முறைப்படி கைக்கொள்ளலாம். வலியும் நன்றியும் எல்லோருக்கும் பொதுவானவை.

சிந்தனைக்கு

1. மருத்துவரிடமோ வீட்டாரிடமோ நான் கூறாமல் மறைத்துவரும் வலி யாது? அதை இன்று யாரிடம் கூறுவேன்?

2. நேற்று நான் பெற்ற உதவிகளுள், பெயர் சொல்லி நன்றி கூற வேண்டியது யாருக்கு?

3. நோயினால் நான் இழந்தவை எவை? இன்னும் எஞ்சியிருக்கும் வலிமை எது? அதைக் கொண்டு இவ்வாரம் செய்யத்தக்கது யாது?

இம்மூன்றையும் இன்று மாலை உடனிருப்பவரோடு சேர்ந்து பேசுங்கள். முதற் கேள்விக்கு விடை கிடைத்தால், காலையில் நாங்கள் படுக்கையருகே வரும்போது அதை முதலாவதாகக் கூறுங்கள். அதைக் கேட்பதற்காகவே நாங்கள் வருகிறோம்.